பேச்சுவார்த்தை இல்லாத தம்பி

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். குடிநோயாளியைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டும். பத்து நிமிடம். முப்பத்தோரு வருடம் பார்த்த வேலையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தவர் யாரோ தெரியவில்லை, அவருக்கு என் வணக்கம். எனக்கு முன்னால் மேடையில் சால்வை போர்த்தியதற்கே பன்னிரண்டு நிமிடம் ஆனது.

பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு டேப். அதில் ஒரு படிவம். 'குடும்பக் கலந்தாய்வு நடைபெற்றதா? ஆம், இல்லை.' அடுத்து, 'கலந்துகொண்டோர் எண்ணிக்கை.' கடைசியில் போட்டோ ஏற்ற வேண்டும். நோயாளி நடுவில், குடும்பம் சுற்றிலும், எல்லோரும் கேமராவைப் பார்த்தபடி. போட்டோ ஏறினால்தான் படிவம் நகரும். ஒரு பெண் எழுந்து நின்று, "சார், பேஷன்ட்டு போட்டோவுக்கு நிக்க மாட்டேன்றாருன்னா இன்னா சார் பண்றது?" என்று கேட்டாள். வகுப்பிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அதற்குப் பதில் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது திருக்கோவிலூரில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தப் படிவமெல்லாம் எப்போது வந்தது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கருணாபுரத்தில் அத்தனை பேர் விஷச் சாராயத்தில் போன பிறகு, கள்ளக்குறிச்சிக்கு வராத ஆள் இல்லை. புருஷனைப் பறிகொடுத்த பெண்களிடமே குடியின் கேடுகளை விளக்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. அதற்கு முன்னால் நடந்த, பிழைத்துக்கொண்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் படித்தது சமூகப் பணி. குடிநோய் வார்டில் ஆலோசகர் வேலை கிடைத்ததும் சென்னையில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். குடும்பத்தார் வட்டமாக உட்கார வேண்டும், ஒவ்வொருவரும் நோயாளிக்கு அன்பாக ஒரு கடிதம் எழுதி வாசிக்க வேண்டும், அவர் மனம் உருகிச் சம்மதிப்பார் என்பது பாடம். பயிற்சியில் நோயாளியாக நடித்தவன் என் அறைத் தோழன். பிரமாதமாக அழுதான். எல்லோரும் அப்படித்தான் அழுவார்கள் என்று நம்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

முதல் வருடமே அந்த நம்பிக்கை கல்வராயன் மலையில் கழன்று விழுந்தது. மலை கிராமத்திலிருந்து ஒருவர் வார்டுக்கு வந்து, தன் மச்சான் குடித்துக் குடித்து ரத்தம் துப்புகிறார், நீங்கள் வந்து பேச வேண்டும் என்றார். வெள்ளிமலை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து சாமைக் கொல்லை ஓரமாக ஒரு மணி நேரம் நடந்து போனேன், கையில் படம் போட்ட அட்டைகளோடு. குடும்பத்தைக் கூட்டுங்கள் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு பேரை உட்கார வைத்துப் பேசுவது என்றால் அந்த ஊரில் ஊர்த் தலைவரான பெரியதனக்காரர்தான் ஆள் விட்டுக் கூப்பிட வேண்டுமாம். அப்படியானால் அவரிடம் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன்.

"அவருதாங்க பேஷன்ட்டு" என்றார் என்னைக் கூப்பிட வந்தவர்.

பெரியதனக்காரர் மறுக்கவில்லை. ஆள் விட்டார், ஊரே வந்தது. நடுவில் அவரே உட்கார்ந்து கூட்டத்தை நடத்தினார். தன் மேல் குற்றம் சொல்ல வந்தவர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார், முழுக்கக் கேட்டார், வேறு யாராவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்றும் விசாரித்தார். கடைசியில் தான் செய்தது தப்பு என்று தீர்ப்பு சொல்லி, தனக்குத்தானே ஒரு சேவல் அபராதம் போட்டார். அபராதம் அன்றைக்கே வசூலாகி, குழம்பாகி, அதற்குத் துணையாக வேறு ஒன்றும் வந்தது. எனக்கும் ஒரு கால் கிடைத்தது. அட்டைகளைத் திருப்பித் தூக்கிக்கொண்டு மலை இறங்கினேன்.

இந்தக் கதையைப் பெரிய டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "யாரு பேசலாம், யாரு பேசக் கூடாதுன்னு மொதல்ல தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் கூட்டம் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மேலதிகாரி, மனநல மருத்துவர். நோயாளி உட்காராமல் தான் உட்கார மாட்டார். தள்ளாடி வருகிறவரையும் 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். 'குடிப்பீங்களா' என்று யாரையும் கேட்டதில்லை. 'காலையில மொத தடவை எத்தனை மணிக்கு' என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பொய் சொல்லத் தயாராக வந்தவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக வந்திருக்க மாட்டார்கள், மணியைச் சொல்லிவிடுவார்கள். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு மருந்துச் சீட்டை வைப்பார். கை நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சீட்டுக்குத் தெரிந்துவிடும்.

குடும்பக் கூட்டத்துக்கு அவர் வைத்திருந்த விதிகள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஐந்து பேருக்கு மேல் கூடாது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு தாளில், தான் கண்ணால் பார்த்த ஒன்றையும், அது எந்தக் கிழமை என்பதையும், அதனால் தனக்கு என்ன ஆயிற்று என்பதையும் எழுதி முன்கூட்டியே அவரிடம் காட்ட வேண்டும். மற்றதையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடிப்பார். 'குடிகாரன்' அடிபடும். 'எப்பவும்' அடிபடும். 'மானம்', 'ஊர் சிரிக்கிறது', 'எத்தனை தடவை சொல்லியும்' எல்லாம் வரிசையாக அடிபடும். அறிவுரை இருந்தால் பக்கத்துக்கே குறுக்குக் கோடு.

கூட்டம் காலை ஒன்பது மணிக்கு. கடை பன்னிரண்டுக்குத் திறக்கும். கடை என்றால் எந்தக் கடை என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. விடியற்காலையில் உள்ளே போனது கை நடுக்கத்தை நிறுத்தியிருக்கும், அடுத்ததுக்கு மனசு அலைய ஆரம்பித்திருக்காது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை, அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஆள் நிதானமாக வீட்டில் இருப்பார் என்பது டாக்டரம்மா கணக்கு. வார்டில் படுக்கை தயாராக இருக்க வேண்டும். இரண்டு லுங்கி, தட்டு, டம்ளர், ஆதார் ஜெராக்ஸ் வைத்த பை வாசலில் இருக்க வேண்டும். ஆட்டோ நிற்க வேண்டும். 'சரி' என்று வாயிலிருந்து வந்ததும் ஏற்றிவிட வேண்டும். 'நாளைக்கு வரேன்' என்று சொன்ன யாரும் நாளைக்கு வந்ததில்லை.

இனி ஏழுமலை. நைனார்பாளையம் பக்கம் கரும்பும் மக்காச்சோளமும் வைத்திருந்த விவசாயி, வயது நாற்பத்தாறு. கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, மஞ்சள் காமாலை என்று பொய் சொல்லி மனைவி அஞ்சலை அவரை எங்களிடம் அழைத்து வந்தார். பொய்யும் முழுப் பொய் இல்லை. டாக்டரம்மா கையை நீட்டச் சொல்லிச் சீட்டை வைத்தார். படபடவென்று ஆடிக் கீழே விழுந்தது.

"காத்துங்க" என்றார் ஏழுமலை, மேலே ஃபேனைப் பார்த்து.

டாக்டரம்மா எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"சன்னல் தொறந்துகினு கீதுங்க" என்றார்.

அன்றைக்கு டாக்டரம்மா வெளிப்படையாகச் சொன்னார். ஈரல் இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும். குடித்தாலும் போய்விடுவார், வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வந்து போய்விடுவார். வார்டில் பத்து நாள் படுத்து, மாத்திரையின் துணையோடு படிப்படியாக நிறுத்தினால் பிழைக்க வழி உண்டு. ஏழுமலை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அறுவடை முடிந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கரும்பு வெட்ட இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அஞ்சலையிடம் குடும்பத்தில் ஐந்து பேரை அழைத்து வாருங்கள் என்றேன். இருபத்துநான்கு பேர் ஒரு டாடா ஏஸிலும் மூன்று பைக்கிலும் வந்து இறங்கினார்கள். தலைமை, ஏழுமலையின் தாய்மாமன். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஐந்து பேர் என்றால் எந்த ஐந்து பேர் என்று வாசலிலேயே தகராறு ஆரம்பித்துவிட்டது. கூப்பிடாமல் விட்டால் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காததற்குச் சமம் என்று ஒரு சித்தப்பா கோபித்துக்கொண்டு டாடா ஏஸில் போய் உட்கார்ந்தார். நோயாளி ஈரல் கெட்டுப் படுத்திருக்கிறார் என்பதை அந்த அரை மணி நேரம் யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.

மாமாவின் தாள் முழு நீளத் தாள். கலெக்டருக்கு மனு எழுதுகிற கையெழுத்து. 'ஐயா, வணக்கம், நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்' என்று தொடங்கியது. டாக்டரம்மா பொறுமையாக ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். மாமாவின் முகம் வரிக்கு வரி சிவந்தது. இரண்டு பக்கத்திலும் அடிபடாமல் தப்பியது 'புதன்கிழமை' என்ற ஒரே சொல். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "அன்னைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நாலு மாதம் முன்னால் ஒரு புதன்கிழமை மாமாவே ஏழுமலையை மலையடிவாரத்துக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டியிருக்கிறார். குடிக்க மாட்டேன் என்று சாமி முன்னால் சொல்லிக் கையில் கட்டிக்கொள்கிற கயிறு. எங்கள் பக்கம் இது வழக்கம். அதனால் திருந்தியவர்களும் உண்டு, கயிறு அவிழ்க்கிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. ஏழுமலை உண்மையாகவே நிறுத்தியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வலிப்பு வந்து வயலில் விழுந்தார். சாமிக்குக் கோபம், நேரம் பார்க்காமல் கட்டியதால் வந்த வினை என்று மாமாவே முடிவு செய்து, கயிற்றை வெட்டி, ஆளை எழுப்பி உட்கார வைத்து, வாயில் கொஞ்சம் பிராந்தி ஊற்றியிருக்கிறார். நடுக்கம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் அஞ்சலையே இருமல் மருந்து மூடியில் அளந்து ஊற்றிக் கொடுத்து வந்தார். அடுத்த வேளைகளை ஏழுமலை அளக்காமல் பார்த்துக்கொண்டார்.

"குடுக்கலன்னா கை ஆடுதும்மா. திரும்ப இழுத்துக்குமோன்னு பயந்துகினு நான்தான் ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டு அஞ்சலை அழுதார். அதுவரை யாரிடமும் சொல்லாதது அது.

"நீங்க பண்ணதுல தப்பு இல்லம்மா. வார்டுல நாங்களும் அளந்துதான் குடுப்போம், மாத்திரையா" என்றார் டாக்டரம்மா. பிறகு மற்றவர்களைப் பார்த்து, "வலிப்பு வந்தப்போ பக்கத்துல இருந்து பார்த்தது யாரு?" என்றார்.

அஞ்சலைதான் மெதுவாகச் சொன்னார். "எங்க கொழுந்தனாரு பார்த்தாரு. முருகேசன். நான் ஓடறதுக்குள்ள அவருதான் மடியில போட்டுக்கினு இருந்தாரு."

"அவன் வேணாங்க டாக்டர்" என்றார் மாமா. "அண்ணன் தம்பிக்குள்ள ஒம்போது வருசமா பேச்சுவார்த்தை கெடையாது. அவன் வந்தா வெட்டு குத்து ஆயிடும்."

"பார்த்தவரு அவரு ஒருத்தர்தான்" என்றார் டாக்டரம்மா, பேனாவை மூடிக்கொண்டே.

முருகேசனைத் தேடி நான் போனேன். அண்ணன் நிலமும் தம்பி நிலமும் பக்கத்துப் பக்கம். நடுவில் அப்பா காலத்துக் கிணறு, அதில் ஒரே மோட்டார். ஒன்பது வருடம் முன்னால் ஒரு கோடையில், அண்ணன் முறையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைத் தம்பி அணைத்துவிட்டார். அண்ணன் குடித்துவிட்டு வரப்பில் தூங்குகிறார், தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, அதனால் அணைத்தேன் என்பது தம்பி கட்சி. என் மோட்டாரை அணைக்க நீ யார் என்பது அண்ணன் கட்சி. அன்றிலிருந்து மோட்டார் கொட்டகை ஆணியில் பச்சைத் துண்டு தொங்கினால் அண்ணன் முறை, துண்டு இல்லாவிட்டால் தம்பி முறை. ஒன்பது வருடமாக அந்தத் துண்டு ஒன்றுதான் அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது.

"நான் எதுக்கு சார்? அவருக்கும் எனக்கும் பேச்சு இல்ல" என்றார் முருகேசன். மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அவருகிட்ட பேச வேணாம். என்கிட்ட பேசுங்க."

"அவரு எதுக்கால குந்திகினு இருக்க, நான் உங்களாண்ட சொல்லணும். அதானே?"

"ஆமா."

களைக்கொத்தை மண்ணில் தட்டி யோசித்தார். "அப்பன்னா செரி. அது பேச்சுல வராது" என்றார்.

அவர் தாளில் ஆறு வரி இருந்தது. டாக்டரம்மா படித்துவிட்டுப் பேனாவைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். இத்தனை வருடத்தில் அது ஒரு தாளுக்குத்தான் நடந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி, ஏழுமலை வீடு. அஞ்சலை, மகள், மாமா, முருகேசன், நான். ஏழுமலை நாற்காலிகளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். தம்பியைப் பார்த்ததும் எழுந்து போகத்தான் பார்த்தார். போனால் தம்பிக்குப் பயந்து போனதாகிவிடும் என்று உட்கார்ந்தார்.

மாமா விதியை மீறினார். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, நம் வம்சம் எப்படிப்பட்ட வம்சம் என்று ஆரம்பித்தார். ஏழுமலைக்கு முகத்தில் தெளிவு வந்தது. பழகிய குடிகாரருக்கு அறிவுரை மாதிரி சௌகரியமானது எதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் போதும். "செரிங்க மாமா. நீங்க சொன்னா செரி. நாளைலேர்ந்து தொட்டன்னா கேளுங்க" என்றார். மாமாவுக்குத் திருப்தி. கூட்டம் முடிந்தது என்றே நினைத்துச் செருப்பைத் தேடினார். மகள் தன் தாளை வாசித்தாள், குரல் உடைந்தது. ஏழுமலை அதற்கும் தலையாட்டி, அவளையே சமாதானப்படுத்தினார். அஞ்சலை, அன்றைக்கு அவருக்கு வந்தது கொஞ்சம் தலைசுற்றல் என்று எப்போதும் சொல்கிற பொய்யையே சொல்லிவிட்டார். அவரைப் பயமுறுத்த மனசு வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

முருகேசன் வாசற்படியில் நின்றபடியே, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வெள்ளிக்கெழமை சார். என் மொறைத் தண்ணி ஓடிக்கினு இருந்துது. இவரு வரப்புல நடந்து வந்தாரு, அப்படியே சாஞ்சாரு. கை காலு இழுத்துக்குது. வாய்க்கால் தண்ணியில மூஞ்சி குப்புற கெடக்குது."

ஏழுமலை நிமிர்ந்தார். தலைசுற்றல் என்றுதான் நாலு மாதமாக அவருக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். "தண்ணியிலயா? எவ்ளோ நேரம்னு கேளுங்க சார்" என்றார் என்னிடம்.

கேட்டேன். மூன்றடி தூரத்தில் இருந்தவரிடம்.

முருகேசன் தாளைப் பார்த்தார். டாக்டரம்மா எழுதச் சொன்ன மூன்றாவது விஷயம், தனக்கு என்ன ஆயிற்று என்பது, அதில்தான் இருந்தது. "நான் ஒடனே ஓடல சார். நின்னேன். பேச்சு இல்லாத ஆளு, நாம எதுக்குன்னு நின்னேன். பத்து எண்ணற நேரம் இருக்கும். அப்பறம் ஓடித் தூக்கிப் போட்டேன். மூஞ்சி நீலமா கீது. அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. மடை தொறக்கப் போனா அந்த எடத்தைத் தாண்ட முடியல."

மாமா வாயைத் திறந்தார். அஞ்சலை அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஏழுமலை, "எதுக்குத் தூக்கனாராம்? வுட்டிருந்தா கெணறு முழுசும் அவருதுதானே. கேளுங்க சார்" என்றார்.

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. "கெணறு இன்னாத்துக்கு சார்" என்றார் முருகேசன். "இவரும் போய்ட்டா, நான் யாரோட சார் பேசாம இருக்கறது?"



ஏழுமலை, "வுட்டா மறுபடி இழுத்துக்குமே சார்" என்றார். அன்றுதான் முதல் தடவையாக அவர் உண்மையான பயத்தைச் சொன்னார். அதற்குத்தான் வார்டு, அதற்குத்தான் மாத்திரை என்று சொன்னேன். அவர் சரி என்று சொல்லவில்லை. "என் துண்டு எங்க?" என்று அஞ்சலையிடம் கேட்டார். எனக்கு அது போதும்.

பை தயார். படுக்கை தயார். ஆட்டோவைக் காணோம். அரை மணி நேரமாகச் சும்மா நிற்கிறோமே என்று டிரைவர் மெயின் ரோட்டுக்கு டீ குடிக்கப் போயிருந்தார். அத்தனை வருட அனுபவம், கையில் பையோடு தெருவில் நின்றது. முருகேசன் ஒன்றும் சொல்லாமல் தன் மொபெட்டை எடுத்தார். ஏழுமலை தம்பிக்குப் பின்னால் ஒட்டி உட்கார மாட்டேன் என்றார். எனவே முருகேசன் முன்னால், நான் நடுவில், ஏழுமலை பின்னால். அவர் விழுந்துவிடக் கூடாதே என்று கையைப் பின்னால் கொடுத்து அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். கடை வழியில்தான் இருந்தது, பூட்டியிருந்தது. அதைக் கடக்கும்போது சட்டை என் கையில் கொஞ்சம் இழுபட்டது. முருகேசன் வேகத்தைக் கூட்டினார்.

ஆண்கள் வார்டில் பத்து நாளும் துணைக்கு ஓர் ஆண் இருக்க வேண்டும். இருபத்துநான்கு பேருக்கும் சொல்லி அனுப்பினேன். மாமாவுக்குப் பல்வலி. சித்தப்பா இன்னும் கோபத்தில் இருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் அந்த வாரம் பார்த்து மாடு கன்று போட்டது. முருகேசன் ஒரு பாயோடு வந்து, அண்ணன் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாடு வாங்கி வந்து ஸ்டூலில் வைப்பார். ஏழுமலை எடுத்துச் சாப்பிடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் நர்ஸிடம் சொல்வார், நர்ஸ் முருகேசனிடம் சொல்வார். "இவங்களுக்கு நடுவுல நான் இன்னா சார் போஸ்ட்மேனா?" என்று அந்த நர்ஸ் என்னிடம் கேட்டார். அந்த வேலையை அப்போதுதான் அவரிடம் ஒப்படைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் ஏழுமலைக்கு நினைவு தப்பியது. மாத்திரை போட்டும் சிலருக்கு அப்படி வரும். இடம் தெரியாது, நாள் தெரியாது, கை தன் தொழிலைச் செய்துகொண்டே இருக்கும். தையல்காரர் தைப்பார், டிரைவர் கியர் போடுவார். ஏழுமலை போர்வையை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மடை திருப்பிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு நாடியைப் பிடித்தபடி நின்றார். இந்த நாளைத் தாண்டினால் தாண்டிவிடுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். உடம்பு அனலாகக் கொதித்தது.

"டேய் முருகேசா" என்று கத்தினார் ஏழுமலை. "தண்ணி வரல பாரு. மோட்டார் போடுடா."

வார்டே திரும்பியது. முருகேசன் அப்படியே உட்கார்ந்திருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு.

"கரும்பு காயுது. போடுடா தம்பி."

முருகேசன் எழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கட்டிலுக்கு மேலே சுவரில் பழைய சுவிட்ச் ஒன்று இருந்தது. எந்த விளக்கோடும் தொடர்பு இல்லாதது, நான் சேர்ந்த நாளிலிருந்து அது எதற்கென்று யாருக்கும் தெரியாது. நேராகப் போய் அதை அழுத்தினார்.

"போட்டுட்டேன்ணா" என்றார்.

ஏழுமலை போர்வையிலிருந்து கையை எடுக்கவில்லை, ஆனால் வேகம் குறைந்தது. முருகேசன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தானும் போர்வையின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

மறுநாள் ஏழுமலைக்குத் தெளிந்தது. எதுவும் நினைவில்லை. அன்னியரைப் பார்ப்பது போல் தம்பியைப் பார்த்தார், தம்பி மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மதியம் என்னை வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டார் முருகேசன். "சார், நேத்து அவரு கூப்ட்டாரு, நான் பதில் சொன்னேன். அது பேசனதுல சேருமா?" என்றார்.

டாக்டரம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பத்தாம் நாள் டிஸ்சார்ஜ். டாக்டரம்மா ஏழுமலையைக் கை நீட்டச் சொல்லிச் சீட்டை வைத்தார். ஃபேனை நிறுத்தப் போனவரை ஏழுமலை தடுத்து, "ஓடட்டும்ங்க" என்றார். சீட்டின் ஓரம் காற்றில் கொஞ்சம் துடித்தது, விழவில்லை. டாக்டரம்மா அந்தச் சீட்டிலேயே மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து நின்றோம். பையோடு ஏழுமலை ஒரு பக்கம், பாயோடு முருகேசன் ஒரு பக்கம். ஏழுமலை என்னிடம், "சார், அந்த மூணாம் நாளு நெனவு இல்லாம இருந்தேனாமே. எதாச்சும் ஒளறனேனா?" என்றார்.

பார்த்தவர்தான் சொல்ல வேண்டும் என்பது டாக்டரம்மா விதி. "கூட இருந்தது அவருதான்" என்றேன்.

ஏழுமலை தம்பி பக்கம் திரும்பவில்லை. முருகேசன் தூரத்தில் நின்ற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு, "மோட்டார் போடச் சொன்னாரு. போட்டேன்" என்றார்.

ஏழுமலை பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தண்ணி வந்துச்சாடா?" என்றார்.

"வந்துச்சுண்ணா."

நான் இருவருக்கும் நடுவில்தான் நின்றிருந்தேன். யாரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.